டிரெய்லருக்குப் புது டயர்: எதை வாங்குவது, எவ்வளவு காற்று அடிப்பது

வெடித்த டயரின் பட்டனில், அதாவது தரையைத் தொடும் மேல் ரப்பரில், பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதுதான் என்னை மிகவும் உறுத்தியது. பின்னால் வந்த லாரிக்காரர் விளக்கைச் சிமிட்டி, கையை அசைத்து, ஏதோ கோளாறு என்று உணர்த்திய பிறகுதான் ஓரம் கட்டினேன். என்னுடையது நான்கு சக்கர, இரட்டை அச்சுப் பயண டிரெய்லர்; வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் நடமாடும் வீடு. இடப்பக்கப் பின்சக்கரத்தில் பட்டன் மட்டும் வாழைப்பழத் தோல்போல உரிந்து தொங்கியது. எஃகு இழைகள் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. அது சுழன்று சுழன்று அடித்ததில் சக்கர வளைவின் தகடு கிழிந்திருந்தது. கிழிசல் முடிந்த இடத்துக்கும் அடித்தளத்தில் ஓடும் எரிவாயுக் குழாய்க்கும் இடையே நான்கு விரற்கடைதான் இருந்தது. பிறகு டயரை ரிம்மிலிருந்து கழற்றியபோது உள்ளிருந்து ஒரு கைப்பிடி கறுப்பு ரப்பர் தூள் கொட்டியது. காற்றுக் குறைந்த டயர் நெடுந்தூரம் ஓடினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கித் தன்னையே அரைத்துக்கொள்ளும். அந்த அரைத்த மாவுதான் அது.

நான்கு டயர்களையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். எதை வாங்குவது என்பதற்குத்தான் ஒரு மாதம் பிடித்தது. அந்த ஒரு மாதத்தில் நான் ஒப்பிட்டுப் பார்த்தவற்றையும், எதை ஏன் தள்ளினேன் என்பதையும் எழுதுகிறேன். டயரைப் பற்றி எழுதும்போது காற்றைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. சுமையைத் தூக்குவது ரப்பரும் அல்ல, எஃகு இழையும் அல்ல. உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. டயர் அந்தக் காற்றைப் பிடித்துவைத்திருக்கும் பாத்திரம். பெரிய பாத்திரம் வாங்கி அரைகுறையாக நிரப்பினால் பயனில்லை.

காரில் பட்டன் தேய்ந்த பிறகுதான் டயரை மாற்றுகிறோம். டிரெய்லர் டயர் தேயும்வரை உயிரோடு இருப்பதே அபூர்வம். வருடத்தில் பெரும்பகுதி வெயிலில் ஒரே இடத்தில் நிற்கிறது. ரப்பரைக் காப்பதற்காகக் கலக்கப்படும் மெழுகு, டயர் உருண்டு நெளியும்போதுதான் மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வரும். நின்றே கிடக்கும் டயரில் அது குறைவாகத்தான் நடக்கிறது. ஓசோனும் புற ஊதாக் கதிரும் ரப்பரில் கீறல் விழச் செய்கின்றன. ஓடும் நாட்களிலோ தாங்கும் அளவின் விளிம்புவரை சுமை.

இரட்டை அச்சு என்றால் இன்னொரு கொடுமையும் சேர்கிறது. டிரெய்லரின் சக்கரங்கள் காரின் முன்சக்கரங்களைப்போலத் திரும்புவதில்லை. குறுகிய வளைவில் முன் அச்சின் சக்கரங்கள் ஒரு பக்கமாகவும் பின் அச்சின் சக்கரங்கள் எதிர்ப்பக்கமாகவும் தரையில் இழுபடுகின்றன. யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்து டிரெய்லரை இடுக்கான இடத்தில் நிறுத்தும்போது, பாதுகாப்பான தூரத்தில் குனிந்து சக்கரத்தைப் பாருங்கள். ரிம் ஒரு திசையில் நகரும். தரையோடு ஒட்டிய ரப்பர் வர மறுத்து மறுதிசையில் பிதுங்கி நிற்கும். பிறகு ஒரு முனகலோடு சறுக்கி இடம் சேரும். டயருக்குள் அடுக்கடுக்காக இருக்கும் எஃகுப் பட்டைகளைப் பிரித்தெடுக்கப் பார்க்கும் விசை அது. ஒவ்வொரு திருப்பத்திலும் மயிரிழை அளவு பிளவு வளர்ந்து, வெப்பமான ஒரு நாளில் பட்டன் உரிகிறது. பட்டனின் ஆழத்தை வைத்து டிரெய்லர் டயரை எடை போடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அதனால் வயதைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான டயர்களில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசி நான்கு எண்கள் பிறந்த தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இந்த முழு வரிசை ஒரு பக்கச்சுவரில் மட்டும் இருந்தால் போதும் என்பது விதி. ஆகவே வெளிப்பக்கம் காணாவிட்டால் டிரெய்லருக்கு அடியில் டார்ச் விளக்கோடு படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் டிரெய்லரை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கச் சிறப்பு அனுமதி உண்டு. அதற்கு டயரின் வயது ஆறு ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பட்டன் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அங்கே சலுகை இல்லை. நான் ஐந்து ஆண்டு என்று கணக்கு வைத்திருக்கிறேன். கடையில் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்க்காமல் பணத்தைக் கொடுப்பதில்லை. அடுக்கில் இரண்டு ஆண்டு கிடந்த டயரை வாங்கினால் ஐந்தில் இரண்டை இழந்துவிட்டுத்தான் தொடங்குகிறோம்.

எடைச்சீட்டு சொன்னது

டயர் விளம்பரங்களைப் பார்க்கும் முன்பு டிரெய்லரை எடைமேடைக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர், எரிவாயு, பாத்திரம், துணிமணி, நாற்காலிகள் என்று பயணத்துக்கு ஏற்றுவது அத்தனையும் ஏற்றிய நிலையில். மொத்த எடை மட்டும் தெரிந்தால் போதாது. ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் எவ்வளவு என்று தெரிய வேண்டும். மேடையில் ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றியும், ஒவ்வோர் அச்சாக நிறுத்தியும் எடுக்கலாம்; சக்கரத்துக்கடியில் வைக்கும் சிறு எடைக்கருவிகளும் உண்டு.

என் டிரெய்லரின் மொத்தம் 3,300 கிலோ. அதில் 400 கிலோ இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்குகிறது. மீதி 2,900 கிலோ நான்கு சக்கரங்களில். நாலால் வகுத்தால் 725. பழைய டயர்கள் எஸ்டி205/75ஆர்15, சுமைவரிசை சி. எஸ்டி என்பது டிரெய்லருக்கென்றே செய்த வகை; 205 என்பது மில்லிமீட்டரில் அகலம், 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம்; சுமைவரிசை எழுத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஒவ்வொன்றும் 50 பிஎஸ்ஐ காற்றில் 825 கிலோ தாங்கும். காகிதத்தில் 12 சதவீதம் மிச்சம் இருக்கிறது, குறையில்லை என்று தோன்றும். தனித்தனியாக எடை போட்டபோது வேறு கதை வந்தது. வலப்பக்கம் முன்னால் 655, பின்னால் 675. இடப்பக்கம் முன்னால் 740, பின்னால் 830. அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இடப்பக்கத்தில். கருவிப்பெட்டியையும் பின்மூலையில் நானே கொண்டுபோய் வைத்திருந்தேன். வெடித்த டயர் எது என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். முழுக் காற்று இருக்கும்போதே 5 கிலோ கூடுதல். காற்றுக் குறைந்திருந்தபோது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கவே மனம் வரவில்லை.

ஆகவே நான் டயர் தேடியது 725 கிலோவுக்கு அல்ல, 830க்கு. அந்த அதிகச் சுமைச் சக்கரத்துக்கு மேல் குறைந்தது 15 சதவீதமாவது, முடிந்தால் 20 சதவீதம், டயரின் தாங்குதிறனில் மிச்சம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். காற்று சிறிது குறைவது, வெயில், சாலைக் குழி, ஒரு நாள் கூடுதலாக ஏற்றிவிட்ட சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த மிச்சம்.

கருவிப்பெட்டியையும் உதிரிச் சங்கிலிகளையும் வலப்பக்க முன்மூலைக்கு மாற்றி மறுபடி எடை போட்டேன். இடப்பக்கப் பின்சக்கரம் 790க்கு இறங்கியது. ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்த 40 கிலோ. எல்லா ஒப்பீட்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது.

அதே டயரா, ஒரு படி மேலா

அதே அளவு, அதே சுமைவரிசை டயரைத் திரும்ப வாங்குவது முதல் வழி. எந்தச் சிக்கலும் இல்லை. ரிம், வால்வு எதையும் மாற்ற வேண்டாம். ஒற்றை அச்சு, இலகுவான டிரெய்லர், எடைச்சீட்டில் தாராளமாக மிச்சம் தெரிகிறது என்றால் இதற்கு மேல் யோசிக்கவே தேவையில்லை. எனக்கு 790க்கு 825 என்பது நான்கு சதவீத மிச்சம். தள்ளிவிட்டேன்.

இரண்டாவது, அதே அளவில் ஒரு படி மேலான சுமைவரிசை. எஸ்டி205/75ஆர்15 டயரில் சி வரிசை 50 பிஎஸ்ஐயில் 825 கிலோ. டி வரிசை 65 பிஎஸ்ஐயில் 975 கிலோ. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டி வரிசை டயரை மாட்டிவிட்டுப் பழைய பழக்கத்தில் 50 பிஎஸ்ஐ காற்று அடித்தால் அது 825 கிலோதான் தாங்கும். எழுத்து மாறியதால் ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. ஒரு படி பெரிய எஸ்டி225/75ஆர்15 டயரை எடுத்துக்கொண்டாலும் இதே கணக்குதான்: 50 பிஎஸ்ஐயில் 975, 65இல் 1,150, 80இல் 1,285 கிலோ. சி, டி, இ என்னும் எழுத்துகள் அந்தப் பாத்திரம் எவ்வளவு அழுத்தம்வரை தாங்கும் என்பதையே சொல்கின்றன. அழுத்தத்தை நிரப்புவது நம் வேலை.

அழுத்தம் கூடும்போது ரிம்மும் வால்வும் அதைத் தாங்க வேண்டும். ரிம்மின் பின்புறத்தில் அதிகபட்சச் சுமையும் பல ரிம்களில் அதிகபட்ச அழுத்தமும் பொறிக்கப்பட்டிருக்கும். சேற்றைத் துடைத்துப் படிக்க வேண்டும். பொறிப்பு இல்லையென்றால் டிரெய்லர் அல்லது ரிம் தயாரிப்பாளரிடம் கேட்பது தவிர வேறு வழியில்லை; ஊகித்து ஏற்றக்கூடாது. வழக்கமான, இழுத்துச் செருகும் ரப்பர் வால்வுகள் 65 பிஎஸ்ஐ வரைக்குமானவை. 80 பிஎஸ்ஐ அடிக்கப்போகிறோம் என்றால் நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வு வேண்டும். டயர் மாற்றும் கடையில் இதைக் கேட்காவிட்டால் வழக்கமான ரப்பர் வால்வைத்தான் போடுவார்கள்.

மூன்றாவது வழி, அளவையே கூட்டுவது. எஸ்டி225/75ஆர்15 டி வரிசையில் 1,150 கிலோ. 790 கிலோ சுமைக்கு 31 சதவீத மிச்சம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த டயர் 20 மில்லிமீட்டர் அகலமானது, விட்டத்தில் 30 மில்லிமீட்டர் பெரியது. இரட்டை அச்சில் முன்டயருக்கும் பின்டயருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் அந்த 30 மில்லிமீட்டர் அப்படியே குறையும். சாலைக் குழியில் வில் முழுவதும் அமுங்கும்போது சக்கர வளைவில் இடிக்காமல் இருக்க வேண்டும். நின்ற நிலையில் அளந்துவிட்டு இடம் இருக்கிறது என்று நிம்மதி அடையக்கூடாது. வில் எவ்வளவு மேலே ஏறும் என்பதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். என் வண்டியில் இடம் ஒருவாறு இருந்தது. ரிம்தான் கெடுத்தது. என் ரிம்கள் 5 அங்குல அகலம். 225 டயருக்கு 6 அங்குலமாவது வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் பக்கச்சுவர் உள்ளே வளைந்து பட்டன் நடுவில் உப்பிவிடும். நான்கு ரிம்களையும் சேர்த்து மாற்றும் எண்ணம் இருந்தால் இதுவே நல்ல வழி, இல்லையென்றால் இரண்டாவது.

எல்டி டயரும் கார் டயரும்

டிரெய்லர் வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு: டிரெய்லருக்கென்றே செய்த எஸ்டி டயரா, இலகு லாரிகளுக்கான எல்டி டயரா? எஸ்டி டயர்கள் எளிதில் வெடிப்பவை, எல்டி மாட்டியவர்களுக்குத் தொல்லையே இல்லை என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 235/85ஆர்16 அளவை எடுத்துக்கொள்ளுங்கள். இ வரிசை, 80 பிஎஸ்ஐ. எஸ்டி என்றால் 1,650 கிலோ. எல்டி என்றால் 1,380 கிலோ. ஒரே உருவம், ஒரே காற்று. எஸ்டியின் மேல் மட்டும் 270 கிலோ கூடுதலாக எழுதப்பட்டிருக்கிறது. வேகம் குறைவு, திருப்புவதும் உந்துவதும் இல்லை, டிரெய்லர் வேலை மட்டுமே என்ற அனுமானத்தில் கொடுத்த கூடுதல் அது. எல்டி டயரின் எண்ணில் அந்தத் தாராளம் இல்லாததால், அதே எண்ணுக்குள் சுமை ஏற்றும்போது அது நிம்மதியாக ஓடுகிறது.

அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் எல்டி வாங்க வேண்டும் என்பதல்ல. எஸ்டி டயரில் எழுதியிருக்கும் எண்ணை விளிம்புவரை பயன்படுத்தக்கூடாது என்பதுதான். 16 அங்குல ரிம் உள்ள பெரிய டிரெய்லருக்கு, சக்கரச் சுமை 1,150 கிலோவுக்குள் இருந்தால், நான் எல்டியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 15 அங்குலத்தில் தெரிவு மிகக் குறைவு. எல்டி235/75ஆர்15 சி வரிசையில் 900 கிலோ. எனக்கு 12 சதவீத மிச்சம்தான் கிடைக்கும். 5 அங்குல ரிம்மில் ஏறவும் ஏறாது. எஸ்டியின் பக்கம் சொல்ல வேண்டியதும் உண்டு. அதன் பக்கச்சுவர் விறைப்பானது. டிரெய்லர் பக்கவாட்டில் ஆடுவதை அது அடக்குகிறது. காரிலோ லாரியிலோ எஸ்டியைப் போடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கார் டயரை டிரெய்லருக்குப் போடுவதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அமெரிக்க விதிப்படி கார் டயரை டிரெய்லரில் பயன்படுத்தினால் அதன் சுமை எண்ணை 1.10ஆல் வகுக்க வேண்டும். 920 கிலோ என்று எழுதியிருந்தால் 836 என்றே கொள்ள வேண்டும். பக்கச்சுவரும் மெத்தென்று இருக்கும். சாமான் ஏற்றும் சிறு டிரெய்லருக்கு ஒத்துவரலாம். உயரமான பயண டிரெய்லருக்கு வேண்டாம்.

கடைக்காரர்கள் நைலான் டயர் என்று சொல்லும், உள் இழைகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பயாஸ் வகையும் கிடைக்கிறது. விலை குறைவு, பக்கச்சுவர் உறுதி. நெடுந்தூரம் ஓடினால் சூடு அதிகம், தேய்மானம் அதிகம். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடுபவர்களுக்கு, இதுவரை நான் சொன்ன டயர்களைப்போல இழைகள் நேர்க்குறுக்காக ஓடும் ரேடியல்தான். இரண்டையும் ஒரே டிரெய்லரில் கலக்கவே கூடாது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேக எழுத்து இல்லாத எஸ்டி டயர்களுக்கு மணிக்கு 65 மைல், அதாவது ஏறக்குறைய 105 கிலோமீட்டர்தான் எல்லை. இப்போது வரும் பல எஸ்டி டயர்களில் எழுத்து இருக்கிறது. எல் என்றால் 120, எம் என்றால் 130, என் என்றால் 140 கிலோமீட்டர். 2017இல் வந்த குட்இயர் எண்டியூரன்ஸ் டயரில் என் எழுத்து உண்டு. அந்த வேகத்தில் டிரெய்லரை யாரும் இழுக்கப்போவதில்லை, இழுக்கவும் கூடாது. ஆனால் உயர்ந்த எழுத்து பெற்ற டயர், சூட்டைத் தாங்கிச் சோதனையில் தேறியது என்று பொருள். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அந்தத் தாங்குதிறன் நமக்குப் பயன்படும். விலை சிறிது கூடினாலும் நான் எழுத்து உள்ளதையே வாங்கினேன்.

கடைசியில் எஸ்டி205/75ஆர்15, டி வரிசை. 790 கிலோவுக்கு 975. மிச்சம் 19 சதவீதம். ரிம்மின் பின்னால் 65 பிஎஸ்ஐ வரை என்று பொறித்திருந்தது, சரியாகப் பொருந்தியது.

காற்று எவ்வளவு

மூன்று இடத்தில் மூன்று எண் கிடைக்கும். டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒன்று, டயரின் பக்கச்சுவரில் ஒன்று, டயர் தயாரிப்பாளரின் சுமைப் பட்டியலில் நம் எடைக்கு நேராக ஒன்று. காருக்குச் சீட்டுதான் வேதம். பக்கச்சுவர் எண்ணைப் பார்க்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்ந்திருக்கிறோம். டிரெய்லரில் அந்தப் பாடத்தை அப்படியே கொண்டுவரக்கூடாது. சீட்டு, ஆலையில் மாட்டிய டயருக்காக எழுதியது. சுமைவரிசையை மாற்றிவிட்டால் அந்த எண் பழையதாகிவிடுகிறது. அதற்குக் குறைவாக மட்டும் ஒருபோதும் போகக்கூடாது.

பட்டியல் எண்ணா, பக்கச்சுவர் எண்ணா என்பதே உண்மையான தெரிவு. பட்டியல்படி என் 790 கிலோவுக்கு 50 பிஎஸ்ஐயே போதும். அதை நம்பினால் மறுபடி பழைய நான்கு சதவீத மிச்சத்துக்கே போய்விடுகிறேன். புது டயருக்குக் கொடுத்த பணம் வீண். இரட்டை அச்சு வண்டியில் திருப்பத்தின்போது பட்டைகளைப் பிரிக்கும் விசையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? டயர் விறைப்பாக இருக்க இருக்க அந்த நெளிவு குறைகிறது. எனவே இரட்டை அச்சு, மூன்று அச்சு என்றால் பக்கச்சுவரில் எழுதிய முழு அழுத்தம், ரிம்மின் எல்லைக்குள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒற்றை அச்சு டிரெய்லரில் அந்த விசை மிகக் குறைவு. அங்கே பட்டியல் எண்ணோடு 10, 15 சதவீதம் கூட்டி அடித்தால் போதும். முழு அழுத்தத்தில் இலகுவான வண்டி குதித்துக் குதித்து அலமாரிக் கதவுகளைத் திறந்துபோட்டுவிடும், பட்டனும் நடுவில் தேயும். இ வரிசை டயரை மாட்டி, சுமை அதில் பாதிதான் என்றால் 80 பிஎஸ்ஐ கரடுமுரடாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் 70, 75 என்று நிறுத்திக்கொள்வதைத் தவறென்று சொல்லமாட்டேன்.

எந்த எண்ணானாலும் அது குளிர்ந்த டயரில் அளப்பது. குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், வெயில் படாதிருக்க வேண்டும். விடியற்காலை சரியான நேரம். ஒரு பக்கச் சக்கரங்களில் வெயில் விழுந்துவிட்டால் அந்தப் பக்கம் இரண்டு, மூன்று பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதை இறக்கிச் சமப்படுத்தினால் அந்தப் பக்கம் குறைவாக்கிவிட்டோம். ஓடும்போது அழுத்தம் 10 முதல் 20 சதவீதம்வரை ஏறுவது இயல்பு. அந்த ஏற்றத்தையும் கணக்கில் கொண்டுதான் டயரை வடிவமைத்திருக்கிறார்கள். வழியில் நிறுத்தி அளந்து, ஐயோ 74 காட்டுகிறதே என்று காற்றை இறக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தடுத்து நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று மனம் பதறும். சூடான டயரில் இறக்கிய காற்று, மறுநாள் காலை குறைவாகத்தான் தெரியும்.

ஊர் விட்டு ஊர் போகும்போது பருவநிலை மாறுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 65 பிஎஸ்ஐ உள்ள டயரில் 10 டிகிரி செல்சியஸ் வேறுபாட்டுக்கு ஏறக்குறைய 2.7 பிஎஸ்ஐ மாறும். 30 டிகிரி காலையில் 65 அடித்து, மலைமேல் 5 டிகிரி காலையில் எழுந்தால் வெப்பநிலைக்காக மட்டும் ஆறரை பிஎஸ்ஐ இறங்கியிருக்கும். எங்கும் கசிவு இல்லை, டயர் பார்ப்பதற்கும் அதே போலத்தான் இருக்கும். தாங்குதிறனில் 60 கிலோவுக்கு மேல் போயிருக்கும். ஆகவே கிளம்பும் ஒவ்வொரு காலையும் அளப்பதுதான் ஒரே வழி.

அளக்கும் கருவி 100 பிஎஸ்ஐ வரையாவது காட்ட வேண்டும். கார்களுக்கான சில கருவிகள் 60இலேயே முடிந்துவிடும். பெட்ரோல் நிலையங்களின் காற்றுக்குழாய் பல நேரங்களில் 65ஐ எட்டாது. எட்டினாலும் அங்கே போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும். நான் 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று வாங்கி டிரெய்லரிலேயே வைத்திருக்கிறேன். நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். தினமும் அளப்பவருக்கு அது தேவையில்லை.

அன்று எனக்கு லாரிக்காரர் சொல்ல வேண்டியிருந்ததை இப்போது ஒரு சிறு திரை சொல்கிறது. ஒவ்வொரு வால்விலும் காற்றழுத்தத்தை அளக்கும் உணரி, ஓட்டுநர் முன்னால் திரை. டிரெய்லரில் ஒரு டயர் காற்றிழந்தால் இழுக்கும் வண்டியில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது; பக்கத்து டயர் சுமையை வாங்கிக்கொள்ளும். இந்தத் தெரிவுகளில் எதற்குப் பணம் பற்றாக்குறை வந்தாலும் இந்தக் கருவிக்கு மட்டும் வெட்டாதீர்கள். எச்சரிக்கை எல்லையை ஆலை அமைத்தபடி விட்டுவிடக்கூடாது. நம் சுமைக்குத் தேவையான குறைந்தபட்ச அழுத்தத்துக்குச் சற்று மேலே வைக்க வேண்டும், எனக்கு 55. உணரியின் கனம் ரப்பர் வால்வை ஆட்டி ஆட்டிக் கிழிக்கும் என்பதால் 65 பிஎஸ்ஐக்கும் நான் உலோக வால்வையே போட்டேன்.

மாட்டும் நாள்

சக்கரங்களை பேலன்ஸ் செய்யச் சொல்லுங்கள். டிரெய்லருக்கு எதற்கு என்று கடையில் கேட்பார்கள், இருந்தாலும் செய்யச் சொல்லுங்கள். நட்டுகளை எதிரெதிராக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு கொண்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். முதல் 80 கிலோமீட்டருக்குள் ஓரிரு முறை நிறுத்தி மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். அலுமினிய ரிம்மில் இது மிகவும் அவசியம். நான் 15ஆவது கிலோமீட்டரில் நிறுத்தியபோது ஒரு நட்டு கால் சுற்று கொடுத்தது.

ஒரு டயர் வெடித்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்பவர்களுக்கு: அதே பக்கத்தில் இருக்கும் அடுத்த டயர், நாம் ஓரம் கட்டும்வரை இரண்டு டயரின் சுமையைச் சுமந்திருக்கிறது. என்னுடையதில் 740 கிலோ சுமந்திருந்த முன்டயர் சில கிலோமீட்டருக்காவது 1,500 கிலோவைத் தாங்கியிருக்க வேண்டும். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. அது எவ்வளவு புதிதாக இருந்தாலும் அதையும் கழித்துவிடத்தான் வேண்டும்.

நான்கு வாங்கப் போனவன் ஐந்தாக வாங்கினேன். ஸ்டெப்னி ஒரு முறைகூடத் தரையில் உருண்டதில்லை, பட்டனில் ஆலை முள்கள்கூட அப்படியே இருந்தன. டிஓடி எண்ணைத் துடைத்துப் பார்த்தால் வெடித்ததற்கும் அதற்கும் ஒரே வாரம்தான் பிறந்தநாள். அதில் காற்று 31 பிஎஸ்ஐ இருந்தது. இப்போது ஸ்டெப்னியின் வால்வை, கை எட்டும் பக்கமாகத் திருப்பி மாட்டியிருக்கிறேன். காலையில் நான்கை அளந்து முடித்ததும் ஐந்தாவதையும் அளந்துவிட்டுத்தான் கம்ப்ரசரைச் சுருட்டி வைக்கிறேன்.